பூநாரை நிற்கும் அளம், அம்மணி வந்துபோகும் கடல்

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் போனால் தருவைகுளம். தை மாதத்து விடியற்காலையில் அந்தச் சாலையில் போகிறவர்கள் பஸ்ஸின் வலப்பக்க ஜன்னலில் உட்காருவது நல்லது. சாலையை ஒட்டி உப்பளம், அதற்கு அப்பால் கடல். மழைத்தண்ணீர் வற்றாத தெப்பங்களில் தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை தெரியும். புதிதாகப் பார்க்கிறவர்கள் உப்புக் குவியல் என்றுதான் நினைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குவியல் நகரும். ஒன்று இறக்கையை விரித்தால் உள்ளே ரோஜா நிறமும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். பூநாரைகள்!

'தருவை' என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில், மழைத்தண்ணீர் பரந்து தேங்கும் ஆழமில்லாத நீர்நிலை. சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். தருவையும் குளமும் சேர்ந்து பெயரான இந்த ஊரில், மேற்கே ஓட்டப்பிடாரம் கரிசல், நடுவே உப்பு மண், கிழக்கே மன்னார் வளைகுடா. உளுந்தும் மக்காச்சோளமும் போட்டவர், அளத்தில் உப்பு வாருகிறவர், வலை வீசுகிறவர் மூவரும் ஒரே டீக்கடையில் உட்காரும் ஊர்.

இந்தப் பூநாரையைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். கென்யாவின் நகுரு, பொகோரியா ஏரிகளில் அவை லட்சக்கணக்கில் கூடும் காலம் உண்டு. அங்கே அதிகம் இருப்பது சிறு பூநாரை; நம் அளத்தில் நிற்பது பெரும்பாலும் அதைவிட உயரமான பெரும் பூநாரை. அங்கே சஃபாரி விடுதிகளில், போன வாரம் எந்த மேட்டில் சிங்கம் தென்பட்டது, எந்த ஆற்றங்கரையில் யானைக்கூட்டம் நின்றது என்று எழுதி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஜீப்பில் ஏறுவார்கள். தருவைகுளத்தில் அப்படி எழுதி வைக்கும் பலகை கிடையாது. பஞ்சாயத்தில் யாராவது ஒன்று வைத்தால் அதில் எழுதச் சரக்கு நிறையவே இருக்கும்.

முதலில் அளத்தை எடுத்துக்கொள்வோம். பூநாரை இங்கே வருவது நம் உப்புத் தொழிலை நம்பித்தான். கடல் தண்ணீரையோ ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீரையோ முதலில் பெரிய தெப்பத்தில் நிறுத்துகிறார்கள். வெயிலில் வற்ற வற்ற அதை அடுத்தடுத்த தெப்பங்களுக்குத் திருப்புகிறார்கள். ஏறக்குறைய 25 டிகிரி வந்ததும் கடைசிப் பாத்தியில் உப்பு விளைகிறது. பாத்தியில் பெரும்பாலான உயிர்கள் தங்காது. ஆனால் நடுவில் இருக்கிறதே, கடலைவிட உப்பு கூடியதும் பாத்தியைவிடக் குறைந்ததுமான தண்ணீர், அதில்தான் விருந்து. மீன் பிழைக்க முடியாத உப்பில் ஆர்ட்டீமியா என்ற நகக்கண் அளவுகூட இல்லாத இறால் இனம் பெருகும். தின்ன மீன் இல்லாததால் அது கொழிக்கும். கூடவே நுண்பாசிகள் வளரும். தண்ணீர் சில நாள் செம்மண் கரைத்த மாதிரி இருப்பது அதனால்தான். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, நாக்கால் உறிஞ்சித் தள்ளி, சல்லடையில் சலிப்பதுபோல இவற்றைச் சலித்துத் தின்கிறது. இறக்கையின் ரோஜா நிறமே இந்தத் தீனியில் இருக்கும் சாயச் சத்துதான். கேரட்டுக்கு நிறம் தரும் அதே குடும்பத்துச் சத்து. தீனி மாறினால் நிறம் வெளுத்துவிடும்.

நம் நாட்டில் இவற்றின் பெரிய பிரசவக்களம் குஜராத்தின் கட்ச் ரண். அங்கே சேற்றைக் குவித்து மேடு கட்டி ஒரே ஒரு முட்டை இடும். நம் பக்கம் வருவது பெரும்பாலும் மேய்ச்சலுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வர ஆரம்பித்து, பங்குனியில் வெயில் ஏறும்வரை நிற்கும். தண்ணீரும் தீனியும் ஒத்துவந்தால் சில கூட்டங்கள் கோடையிலும் போகாமல் தங்கிவிடும். ராமேசுவரத்துக்கு அப்பால் தனுஷ்கோடியில் இவற்றுக்காக 524 ஹெக்டேரில் ஒரு சரணாலயத்தை 2025 ஜூன் மாதம் அரசு அறிவித்தது. தூத்துக்குடி அளங்களுக்கு அந்தப் பெயர் கிடையாது. அளம் ஓடுகிறவரை பறவை வரும். அளத்தை மூடி வேறு வேலைக்கு மண் அடித்தால் வராது. இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

பூநாரையோடு கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், ஆலா எல்லாம் நிற்கும். வடதுருவப் பக்கத்திலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த சின்னஞ்சிறு உள்ளான்கள், சேற்றில் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். எடை ஒரு கோழிமுட்டை அளவுகூட வராத பறவைகளும் அவற்றில் உண்டு.

கடல் பக்கம் திரும்புவோம். இங்கிருந்து பார்க்கும் கடல் சாதாரணக் கடல் அல்ல. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. மாசாய் மாரா காப்பகம் ஏறக்குறைய 1,500 சதுர கிலோமீட்டர்தான் என்றால், நம் வாசலில் கிடப்பது எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளலாம். வித்தியாசம், இங்கே மேய்ச்சல் நிலம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

மேய்ச்சல் நிலம் என்பது வார்த்தை அலங்காரம் இல்லை. தீவுகளைச் சுற்றிக் கடலடியில் புல் வளர்கிறது. பாசி வேறு, இது வேறு. இதற்கு வேர் உண்டு, கிழங்குபோல ஓடும் தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும். பத்துக்கு மேற்பட்ட வகைகள் மன்னார் வளைகுடாவில் இருக்கின்றன. நம் வயலில் கோரையும் அறுகும் மண்ணைப் பிடித்து வைப்பதுபோல இது கடல் மணலைப் பிடித்து வைக்கிறது. இதை மேய்வது கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். யானையின் தூரத்து உறவு. ஒரு நாளைக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் புல் தின்னும். கன்று வயிற்றில் ஓராண்டுக்கு மேல். ஈற்றுக்கு ஒரு கன்று. அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள். ஒரு மாடு ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கன்று போட்டால் தொழுவம் என்ன ஆகும் என்று கால்நடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலையில் ஒன்று செத்தாலும் இழப்பு அவ்வளவு பெரிது. இந்தியாவில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான். பேராமை என்கிற பச்சை ஆமையும் இதே புல்லைத்தான் மேய்கிறது.

தருவைகுளத்துக்கு நேர் எதிரே, சற்று வடகிழக்கில் காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் இருந்தன. சல்லி என்றால் உடைந்த பவளக்கல். பெயரிலேயே கல் இருக்கிறது. அந்தக் கல்லைத்தான் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். பவளப்பாறை தீவுக்கு வரப்பு மாதிரி. வரப்பை வெட்டினால் மண் நிற்காது. விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. காரைச்சல்லி 1969-இல் 50 ஏக்கருக்கு மேல் இருந்தது; இன்று அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பவளத்தை 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் கொண்டுவந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, தீவுகள் இருந்ததால்தான் கரை தப்பியது என்று ஊர்க்காரர்களே பேசத் தொடங்கினார்கள், வெட்டுவது நின்றது. ஆனால் 2016 கோடையில் கடல் சூடேறி, இருந்த பவளத்திலும் ஒரு பெரும்பகுதி வெளுத்து மடிந்தது.

தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவும் இப்படித்தான் கரைந்துகொண்டிருந்தது. நடுவில் உடைந்து இரண்டானது. 2015 கடைசியில் அதைச் சுற்றிக் கான்கிரீட் கூடுகளைக் கடலில் இறக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் ஓடைக்குக் குறுக்கே கல் தடுப்பணை போடுவது எதற்கோ, அதற்கே இதுவும். அலையின் வேகம் குறைந்தது, மணல் தேங்கியது, கூடுகளின் மேல் பவளக்குஞ்சுகள் ஒட்டின, மீன் வந்தது. அதே வேலையைக் காரைச்சல்லியிலும் செய்ய அரசு முனைந்திருக்கிறது.

இதில் கரிசல்காட்டுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வைப்பாறும் ஓடைகளும் கொண்டுவரும் வண்டல், மேல்மண், பூச்சிமருந்து டப்பா, சொட்டுநீர்க் குழாயின் கிழிசல் எல்லாம் கடைசியில் இறங்குவது இந்தப் புல்லின் மேல்தான். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாவிட்டால் கடற்புல் அழுகிவிடும். கோடை உழவை சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்வதும் வரப்பை உயர்த்தச் சொல்வதும் உங்கள் மண்ணுக்காகத்தான். கடைசி லாபம் ஆவுளியாவுக்கும் போகிறது என்பது கூடுதல் தகவல்.

இனி, பலகையில் பெரிய எழுத்தில் எழுத வேண்டிய விருந்தாளி. தருவைகுளம் செவுள்வலைக்குப் பெயர்போன ஊர். இங்கத்துப் படகுகள் பல நாள் தங்கி ஆழ்கடலில் வலையை மிதக்கவிட்டு, சூரை, சீலா, மயில்மீன் என்று கொண்டுவருகின்றன. அந்த வலையில் சில நேரம், டவுன் பஸ் நீளத்தில் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு பிராணி வந்து மாட்டும். புத்தகத்தில் அதற்குப் பெயர் திமிங்கலச் சுறா. உலகத்து மீன்களிலேயே பெரியது. இந்தக் கடற்கரையில் அதற்கு வைத்த பெயர் அம்மணி உழுவை. பெயரில் ஒரு மரியாதை இருக்கிறது பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அது தின்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரும் பொடிமீனும். யாரையும் கடிக்காது.

2001 மே மாதம் முதல் இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஆக, வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட வேண்டும். ஆமையும் டால்பினும் ஆவுளியாவும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டியவை. அவற்றுக்கு இன்னும் வேகமாக அறுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ஒரு படகின் வலை சில லட்சம் ரூபாய். அதில் பாதி வட்டிக்கு வாங்கியதாகவும் இருக்கும். நடுக்கடலில், இருட்டில், பார்க்க ஓர் அதிகாரியும் இல்லாத இடத்தில், தன் வலையில் தானே கத்தி வைக்கிற மனிதனுக்கு அன்றைய பாடும் போயிற்று, அடுத்த பாட்டுக்கான முதலும் போயிற்று. கரையில் வந்து சொன்னால் ஒரு சால்வையும் ஒரு போட்டோவும் கிடைக்கலாம். சால்வையில் மீன் பிடிக்க முடியாது.

அப்படியும் விடுகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. அந்தக் கரைகளின் மீனவர்கள் தங்கள் படகில் கயிறு கட்டி, தங்கள் டீசலில், அவற்றை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தவற்றைத் திரும்பத் திரும்ப இழுத்தார்கள். பாதிக்கும் மேல் செத்தன. பிழைத்தவை பிழைத்தது அந்தக் கயிற்றால்.

குஜராத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கேயும் இந்தச் சுறாவை ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசினார்கள். 2004-இல் தொடங்கிய பிரச்சாரத்தில் அதற்கு 'வாலி' என்று பெயர் வைத்தார்கள். அன்புக்குரியவள் என்று பொருள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளை யாராவது கொல்வார்களா என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். வெறும் பேச்சோடு நிறுத்தியிருந்தால் அதுவும் சால்வைக் கதையாகியிருக்கும். அறுத்த வலைக்கு அரசே நிவாரணத் தொகை கொடுத்தது. அதிகாரி நேரில் வந்து பார்க்கும்வரை மீனைப் பிடித்து வைத்திருக்க வேண்டாம், மீனவரே கேமராவில் எடுத்த படம் போதும் என்று பின்னர் விதியை இளக்கினார்கள். நூற்றுக்கணக்கில் அந்தச் சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. பெயர் வைப்பதில் நாம் குஜராத்துக்கு முந்தியவர்கள். பணம் கொடுப்பதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

இந்தக் கணக்கு கடலோடு முடிவதில்லை. திருநெல்வேலி போகும் சாலையில் வல்லநாட்டு மலை இருக்கிறது. 1987 முதல் சரணாலயம். 16 சதுர கிலோமீட்டர் முள்காடு. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான். முறுக்கிய கொம்போடு ஆண்மான் துள்ளுவதைப் பார்க்க அழகுதான், அது அடுத்தவர் வயலில் துள்ளும்வரை. ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்தில் மக்காச்சோளத்தில் பன்றி, உளுந்தில் மயில். இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அது பற்றிக் கடிதம் வராத மாதம் குறைவு. வலையை அறுத்த மீனவரும், விதைத்த மறுநாள் மயில் கிளறிய வயலைப் பார்த்து நிற்கும் விவசாயியும் கட்டுவது ஒரே வரி. ரசீது கிடையாது.

ஆப்பிரிக்காவை இங்கே மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. மாசாய் மாராவைச் சுற்றி மாடு மேய்க்கும் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து, சஃபாரி நடத்துகிறவர்களுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. மாதாமாதம் குத்தகைப் பணம் வருகிறது. நமீபியாவில் 1996-இல் சட்டம் திருத்தி, ஊர்ச் சங்கங்களுக்கே வனவிலங்கால் வரும் வருமானத்தில் உரிமை கொடுத்தார்கள். அங்கேயும் யானை பயிரை மிதிக்கிறது, சிங்கம் மாட்டை அடிக்கிறது, சண்டை ஓயவில்லை. ஆனால் விலங்கு உயிரோடு இருந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் வரும் என்ற நிலை இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் மீனவக் குடும்பங்களே வனத்துறையோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பெண்கள் நண்டும் மீனும் சமைத்து விற்கிறார்கள். வருமானம் ஊரில் நிற்கிறது. தருவைகுளத்து அளக்கரையில் ஒரு பார்வைக் கோபுரமும், மழைக்கால மூன்று மாதம் வேலை இல்லாமல் இருக்கும் அளத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு பறவைப் பெயர் சொல்லித்தரும் பயிற்சியும் பெரிய செலவு இல்லை. கூட்டம் சேர்ந்தால் பிளாஸ்டிக்கும் சேரும் என்ற பயம் நியாயமானது. அதற்காகத் தொடங்காமலே இருப்பது சரியாகப்படவில்லை.

அதுவரை, கையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வயலில் காட்டு விலங்கு சேதம் செய்தால் அதை அழிக்கும் முன், அன்றே தேதியோடு செல்போனில் படம் எடுங்கள். வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் சான்றும், வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரின் சேத மதிப்பீடும் சேர்ந்தால்தான் மனு நகரும். பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறையினர் சுடலாம்; 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடுவார்கள். சுடும் உரிமை வனத்துறைக்கு மட்டும். மின்வேலியும் வெடியும் வைத்தவர்கள் ஜெயிலுக்குப் போன கதையும், தானே மாட்டிச் செத்த கதையும் நம் மாவட்டங்களில் ஏராளம்.

தருவைகுளத்துக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் மார்கழி முதல் மாசிவரை போகலாம். தூத்துக்குடியிலிருந்து டவுன் பஸ் உண்டு. காலை எட்டு மணிக்குள் அளக்கரையில் இருக்க வேண்டும். அப்புறம் வெயிலில் கானல் எழும்பி ஒன்றும் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பழைய பைனாகுலர் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அளம் ஒருவருடைய பிழைப்பு இடம். கேட்டுவிட்டு இறங்குங்கள், பாத்தி வரப்பில் நடக்காதீர்கள். பூநாரையைப் பறக்கவைத்துப் படம் எடுக்கக் கல் எறிய வேண்டாம். ஒருமுறை எழும்பினால் அரைநாள் தீனி போச்சு. தீவுகளுக்கு அனுமதியின்றிப் போகக் கூடாது. படகுக்காரரை நச்சரித்தால் வழக்கு அவர்மேல்தான் விழும்.

சாயங்காலம் கரைக்கு வந்தால் ஆழ்கடல் படகுகள் கிளம்புவதைப் பார்க்கலாம். ஐஸ், டீசல், தண்ணீர், அரிசி எல்லாம் ஏற்றியாகிவிட்டிருக்கும். வலையை மடித்து அடுக்கிக்கொண்டே ஒருவர் கிழிசலைத் தேடிப் பிடித்துப் பின்னிக்கொண்டிருப்பார். வலைமேல் ஒரு கத்தி கிடக்கும்.